மெதுவாக இழுத்துக் காட்டாத தண்ணீர்

அண்ணை,

“வாளியால அள்ளினா சவர் ஏறுமோ மாஸ்ரர், மிசின் போட்டு இறைச்சா ஏறுமோ?”

ஆறு வருடங்களுக்கு முன், கோயில் மடத்தில் ஊர் கூடியிருந்த ஒரு பகல்வேளையில், பின்வரிசையில் எழுந்து நின்று நீங்கள் இதை என்னிடம் கேட்டீர்கள். இன்று காலை குசினியில் நின்று முதல் மிடறு தேத்தண்ணீரைக் குடித்தபோது அந்தக் கேள்வி திரும்பவும் காதில் விழுந்தது. தேத்தண்ணீர் கரித்தது. சீனி இரண்டு கரண்டி கூடப் போட்டும் நாக்கின் ஓரங்களில் உப்புச் சவர் நின்றது. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி மூன்று நாளாக வரவில்லை. மனைவி வேறு வழியில்லாமல் நல்லதண்ணீர்க் கிணற்றில் அள்ளி வந்து கொதிக்க வைத்திருந்தாள். அந்தக் கிணற்றை நாங்கள் இன்னும் அந்தப் பெயரால்தான் அழைக்கிறோம். வேறு பெயர் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

நான் முப்பத்திரண்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன். கேள்வி கேட்ட பிள்ளையை விடை சொல்லாமல் இருத்தியதில்லை என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. ஓய்வுபெற்று இரண்டு வருடம் கழித்து, படிப்பித்த காலத்தில் ஒருநாளும் செய்யாததை உங்களுக்குச் செய்தேன். அதைப் பற்றி நீங்கள் உயிரோடு இருந்தபோது நாம் இருவரும் ஒருமுறையும் கதைக்கவில்லை. நான் கதையை எடுத்திருந்தால் நீங்கள் “அது போகட்டும் மாஸ்ரர்” என்றிருப்பீர்கள். அதைக் கேட்கப் பயந்தே நான் எடுக்கவில்லை.

நாங்கள் தீவுக்குத் திரும்பியது தொண்ணூற்றேழில். யாழ்ப்பாணம், பிறகு தென்மராட்சி என்று வருடக்கணக்காக அலைந்துவிட்டு, நாரந்தனைக்கு அப்பால் இருக்கும் எங்கள் சிற்றூரில் கூரை மிஞ்சிய வீடுகளில் எங்களுடையதும் ஒன்று என்று கேள்விப்பட்டு வந்தோம். உங்கள் குறிச்சி கடற்கரையோடு இருந்தது. அதைச் சுற்றிக் கடற்படை முள்ளுக்கம்பி அடித்திருந்தது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் உங்கள் வளவுப் பூவரசு தெரியும், வீடு தெரியாது என்று சொல்வீர்கள். எங்கள் வளவுக்கு அடுத்ததாக, கனடாவுக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் வீடு வெறுமையாகக் கிடந்தது. கிராம அலுவலரான விதானையார் உங்களையும் உங்கள் மனைவி திரேசம்மாவையும் அதில் கொண்டுவந்து இருத்தினார். மகன்மார் இருவரும் அதற்கு முன்னரே வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய் மண்டபம் முகாமில் இருந்தார்கள்.

ஊர்க் கிணற்றைத் துப்புரவாக்கிய நாளில்தான் நான் உங்களை முதலில் சரியாகப் பார்த்தேன். வருடக்கணக்காக ஆள் தொடாத கிணறு. பனையோலை, தகரம், சைக்கிள் சட்டம் என்று என்னென்னவோ உள்ளே கிடந்தன. அந்த நாட்களில் மண்ணெண்ணெய் கிடையாது, ஆகவே தண்ணீர் இறைக்கும் மிசினும் ஓடாது. ஆட்கள் மாறிமாறி வாளியால் இறைத்தும் அடி தெரியவில்லை. நீங்கள் சங்கு குளித்த ஆள். ஒருவரும் கேட்காமலே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றில் இறங்கினீர்கள். மூழ்கி மூழ்கி ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டிவிட, நாங்கள் மேலே நின்று இழுத்தோம். கடைசியில் ஏறி வந்து, கிணற்றுக் கட்டில் இருந்தபடி ஒரு கை அள்ளிக் குடித்தீர்கள்.

“தெற்கு மூலையிலதான் ஊத்து, மாஸ்ரர். கையை வைச்சாக் குளிருது. இது தீவுத் தண்ணியே? ஆரோ இளநியை வெட்டி ஊத்திப்போட்டாங்கள்.”

எல்லோரும் குடித்துப் பார்த்தோம். உண்மைதான். நாங்கள் விட்டுப்போனபோது இருந்ததைவிட இனித்தது. ஏன் என்று நீங்கள் கேட்டீர்கள். எனக்குக் கேள்வி கிடைத்தால் போதும், உடனே கரும்பலகை தேடுவேன். கஞ்சியை உதாரணம் சொன்னேன். ஆறவிட்ட கஞ்சியில் சோறு கீழே போய்விடும், தெளிந்த நீர் மேலே நிற்கும். எங்கள் தீவுக்குக் கீழேயும் அப்படித்தான். அடியில் எங்கும் கடல்நீர். அதன்மேல் மழைநீர் மெல்லிய படையாக நிற்கிறது. அகப்பையை நோகாமல் வைத்து மொண்டால் தெளிவு வரும். அவசரப்பட்டு இழுத்தால் கீழே கிடப்பதும் சேர்ந்து வரும். வாளிக்காரர் மொள்ளுகிறவர், மிசின்காரர் இழுக்கிறவர் என்றேன். இத்தனை வருடம் மிசின் ஓடாததால் மழைநீர் தன்பாட்டில் சேர்ந்து உப்பைக் கீழே தள்ளிவிட்டது.

“அப்ப சண்டையால வந்த ஒரே நன்மை உதுதான்” என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆகவே, மடத்தில் நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை உங்களுக்குத் தெரியும். நான் கிணற்றுக் கட்டில் இருந்து சொல்லித்தந்த விடை அது. அதைச் சபைக்கும் சொல்லுங்கள் என்றுதான் நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

அடுத்த ஐந்தாறு வருடங்கள் நாம் வேலிக்கு இருபுறமும் வாழ்ந்தோம். கடற்படை கடலுக்குப் போக விட்ட நாட்களில் வேலியில் இருந்த பொட்டு ஓட்டைக்குள்ளால் நீங்கள் தரும் மீன் வரும். மறுத்தால் கோபிப்பீர்கள். பதிலுக்கு நான் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றுதான். உங்கள் மகன்மாருக்கு எழுதும் கடிதங்களை நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். “எனக்கு எழுத்து வரும், ஆனால் பெடியளுக்கு என்ரை எழுத்து வாசிக்க வராது” என்பீர்கள். முற்றத்தில் கதிரையைப் போட்டு, மடியில் அட்டையை வைத்து எழுதியது நினைவிருக்கிறது. ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே விசயம்தான் சுற்றிச் சுற்றி வரும். வாருங்கோ, வாருங்கோ. அவர்களிடமிருந்து வந்த பதிலும் ஒன்றுதான். வந்து எங்கே இருக்கிறது?

அந்த வீட்டில் திரேசம்மா ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. ஒன்பது வருடம் இருந்த வீடு. மாதா படத்தைச் சுவரில் மாட்டாமல் சன்னல் கம்பியில் நூலால் கட்டியிருந்தார். ஒரு ஆணி அடித்தால் என்ன, கனடாவுக்குக் கேட்குமோ என்று என் மனைவி பகிடி பண்ணியபோது, “பிறத்தியாற்றை சுவர், அக்கா. நோகும்” என்றாராம்.

பிறகு சண்டை ஓய்ந்து பாதை திறந்தது. கொழும்புச் சாமான் வந்தது, வெளிநாட்டிலிருந்து சொந்தங்கள் வந்தார்கள், மண்ணெண்ணெய் வந்தது. மண்ணெண்ணெய் வந்தபடியால் மிசின்களும் வந்தன. தரிசாகக் கிடந்த தோட்டக் காணிகளில் மீண்டும் புகையிலையும் வெங்காயமும் நட்டார்கள். விடிந்ததும் நாலு பக்கமும் மிசின் சத்தம் கேட்கும். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. ஊர் மூச்சு விடுகிறது என்று நினைத்தேன்.

அந்த நாட்களில்தான் வீட்டுத்திட்டக் கதை வந்தது. நல்லதண்ணீர்க் கிணற்றுக்குக் கிழக்கே இருந்த பனங்காணியை அதன் சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு தொண்டு நிறுவனம் வீடு கட்ட முன்வந்தது. முள்ளுக்கம்பிக்குள் வீட்டைப் பறிகொடுத்த முப்பது குடும்பங்களுக்கு முப்பது வீடுகள். ஊருக்குள் கதை பரவிய அன்றே ஆட்கள் கோயில் மடத்தில் கூடினார்கள். நானும் போயிருந்தேன்.

அங்கே சொல்லப்பட்ட காரணங்களை உங்களுக்கு எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுத வேண்டும். கோயில் வீதியில் கருவாடு காயப்போடுவார்கள் என்றார் ஒருவர். சந்தியில் சிலுவை நடுவார்கள் என்றார் இன்னொருவர். காணி விலை விழும், பெண்பிள்ளைகள் கிணற்றடிக்குப் போக ஏலாது, குடித்துவிட்டுச் சண்டை பிடிப்பார்கள். “பிள்ளையாருக்கு இனிக் கூனிக் கருவாடுதான் நைவேத்தியம்” என்று ஒருவர் சொல்ல மடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், அண்ணை. நீங்கள் தந்த மீன் அன்றும் என் குசினியில் சட்டியில் கிடந்தது.

கோயில் மனேச்சர் நல்லதம்பியர் மறுநாள் வீட்டுக்கு வந்தார். புகையிலைத் தோட்டமும் இரண்டு மிசினும் வைத்திருந்தவர். கதிரையில் இருந்து, தேத்தண்ணீர் குடித்து, நெடுநேரம் என் ஆரோக்கியத்தைப் பற்றி விசாரித்தார்.

“மாஸ்ரர், எங்களுக்குக் கதைக்கிறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு. எழுதுறதுக்கு ஒண்டும் இல்லை. மீன் நாத்தம் எண்டு அரசாங்கத்துக்கு எழுதேலுமே?”

ஏலாது என்றேன்.

“அதுதான் தண்ணியை எழுதுங்கோ. தண்ணியெண்டால் ஒருதருக்கும் நோகாது. நீங்கள் படிச்ச மனிசன், நீங்கள் எழுதினாத்தான் எடுபடும்.”

வீடு பெறப்போகிறவர்களின் பட்டியலும் அவர் கையில் இருந்தது. மூன்று தாள், மூலையில் ஊசி குத்தியது. என்னிடம் தந்தார். நான் கடைசித் தாளைப் புரட்டி, அடியில் இருந்த தொகையை மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். முப்பது. மனுவுக்கு அந்த எண் போதுமாக இருந்தது.

ஏன் எழுதினேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். நல்லதம்பியருக்குப் பயந்தா? இல்லை. ஊரோடு ஒட்டி இருக்க வேண்டும், திருவிழாவில் முகம் கொடுத்துக் கதைக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. என்னிடம் வந்து கேட்கிறார்களே என்ற பெருமை, ஒரு புளுகம், அதைவிடக் கூட இருந்தது. ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு யாராவது ஒரு வேலை தந்தால் அது என்ன வேலை என்று பார்க்கத் தோன்றாது. அன்று முழுவதும் எழுதினேன். “மேற்படி நன்னீர்ப் படை மிகவும் மெல்லியதாகையால், புதிதாக முப்பது குடும்பங்களின் பாவனையை அது தாங்காது என்பதைத் தங்களின் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்” என்ற வசனத்தை நாலு தரம் திருத்தினேன். மலகூடக் குழிகளைக் கிணற்றிலிருந்து தள்ளி வெட்டச் சொல்லி ஒரு வரி எழுதியிருந்தால் கிணற்றைப் பற்றிய நியாயமான பயம் தீர்ந்திருக்கும். எழுதவில்லை. மிசின்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. ஊர் முழுக்கக் கையெழுத்து வைத்தது.

அதன்பிறகுதான் அந்தக் கூட்டம். பிரதேச செயலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். நிறுவனத்திலிருந்து இரண்டு பேர். ஊரார் முன்னுக்கு இருந்தார்கள். உங்கள் பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் பின்னால், மடத்துத் தூண்களோடு இருந்தார்கள். எனக்கு ஒரு மேசை போட்டுத் தந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் செய்துகாட்டிய பரிசோதனை அது. கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு உப்புத் தண்ணீர் விட்டு, சலவை நீலம் கலந்து வைப்பேன். அதன்மேல் நல்ல தண்ணீரைக் கரண்டியின் முதுகில் விட்டு மெல்ல வழியவிட்டால் இரண்டும் கலக்காமல் நிற்கும். மேலே தெளிவு, கீழே நீலம். பிறகு ஊசி இல்லாத சிரிஞ்சில் மெல்லிய குழாயை மாட்டி, தெளிந்த நீருக்குள் வைத்து இழுக்க வேண்டும். முதலில் மெதுவாக இழுத்துக் காட்டுவேன். தெளிந்த நீர் மட்டும் வரும், நீலம் அசையாது. பிறகு கெதியாக இழுத்துக் காட்டுவேன். நீலம் கூம்புபோல எழும்பிக் குழாய்க்குள் ஏறும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். இரண்டையும் காட்டினால்தான் அது பாடம்.

அன்று நான் ஒருதரம்தான் இழுத்தேன், கெதியாக. நீலம் ஏறியது. முன்வரிசையில் இருந்தவர்கள் அம்மாளாச்சி என்றார்கள். அதிகாரி குனிந்து பார்த்துவிட்டுத் தன் கொப்பியில் எதையோ எழுதினார். முப்பது குடும்பம் வந்தால் இதுதான் நடக்கும் என்றேன். என் குரல் வகுப்பறைக் குரலாகவே இருந்தது. அதனால்தான் எல்லோரும் நம்பினார்கள்.

அப்போதுதான் நீங்கள் எழுந்து முன்னுக்கு இரண்டு அடி வந்தீர்கள். நீங்கள் யார், பெயர் பட்டியலில் இருக்கிறதோ என்று அதிகாரி கேட்டார்.

“ஓம் ஐயா. ஏழாவது பேர்.”

எனக்கு அந்தக் கணம்வரை தெரியாது. உங்களுக்குத்தான் கனடாக்காரர் வீடு இருக்கிறதே என்று நினைத்திருந்தேன். வீடு உறுதியானபிறகு சொல்லி என்னை மலைக்க வைக்கலாம் என்று நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்களாம். திரேசம்மா பிறகு சொன்னார். பட்டியல் என் கையில் இருந்தது, அண்ணை. முதல் தாளைப் பார்த்திருந்தால் போதும். ஆனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லவும் எனக்கு இடமில்லை. ஏனென்றால் நீங்கள் ஏழாவது பெயர் என்று எனக்குத் தெரிந்தபிறகுதான் நீங்கள் கேள்வியைக் கேட்டீர்கள். வாளியாலோ, மிசினாலோ?

வெளியே நல்லதம்பியரின் தோட்டத்தில் மிசின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் மடத்துக்குள் கேட்டது. சிரிஞ்சு என் கையில் இருந்தது. போத்தலில் தெளிந்த நீரும் இன்னும் மிச்சம் இருந்தது. ஒருதரம் மெதுவாக இழுத்துக் காட்டியிருந்தால் சபைக்கு விளங்கியிருக்கும். அதிகாரிக்கு நிச்சயமாக விளங்கியிருக்கும்.

“அது வேறை விசயம், அண்ணை. இப்ப வீட்டுத்திட்டத்தைப் பற்றித்தான் கதைக்கிறம்.”

இதுதான் நான் சொன்னது. முன்வரிசையில் ஒருவர் திரும்பி, உங்களுக்கென்ன, கடல் முழுக்கத் தண்ணிதானே என்றார். சிரிப்பு எழுந்தது. நீங்கள் சிரிப்பு அடங்கும்வரை நின்றீர்கள். பிறகு “சரி மாஸ்ரர்” என்றுவிட்டுத் தூணடிக்குப் போனீர்கள்.

ஒரு கிழமை கழித்துப் பனங்காணித் திட்டம் கைவிடப்பட்டது. அதற்கு மறுநாள் நீங்கள் வேலியடிக்கு வந்து, மகன்மாருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றீர்கள். ஊர் மனுவை எழுதியவனிடம். வேறு யாரிடம் போவீர்கள்? நான் கதிரையைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டேன். “கடுதாசி வடிவா எழுதியிருந்தியளாம், கேள்விப்பட்டனான்” என்றீர்கள். குத்திச் சொன்ன மாதிரி இல்லை. மீன் நல்ல மீன் என்று சொல்வது போலச் சொன்னீர்கள். பிறகு சொல்லத் தொடங்கினீர்கள். வீடு இப்போதைக்கு இல்லை. நீங்கள் அங்கேயே இருங்கோ. அம்மா சுகம்.

ஏன் இல்லை என்று எழுதவோ என்று கேட்டேன்.

“வேண்டாம் மாஸ்ரர். கடுதாசி நீளும்.”

என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறிய கடிதம் அதுதான். மனு நாலு பக்கம்.

திட்டத்தை அவர்கள் தரவைக்கு மாற்றினார்கள். அது கடலோரத்துக் கட்டாந்தரை. கோடையில் மாடு மேயும், மாரியில் வெள்ளம் நிற்கும். ஊரில் ஒருவரும் எதிர்க்கவில்லை, ஏனென்றால் அது ஊருக்குத் தூரம். அங்கே எந்த இடத்தில் தோண்டினாலும் சவர்தான். அங்கே குடிபோனபிறகு நீங்கள் சைக்கிளில் இரண்டு தண்ணீர்க் கான் கட்டிக்கொண்டு இரண்டு கட்டை தூரம் உழக்கி வந்து, முதலில் உங்கள் கையாலேயே துப்புரவாக்கிய கிணற்றில் தண்ணீர் அள்ளினீர்கள். அள்ள வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதுவும் உங்களுக்கு ஒரு உபகாரம் போலக் காட்டினார்கள்.

முப்பதில் பன்னிரண்டுக்குத்தான் அத்திவாரம் போட்டார்கள். சுவர் சன்னல் உயரத்துக்கு வந்தபோது சண்டை திரும்பவும் தொடங்கியது. பாதை பூட்டப்பட்டது, சீமெந்து நின்றது, நிறுவனம் போய்விட்டது. அதே நாட்களில் கனடாக்காரரின் மருமகன் ஒருவர் வந்து வீட்டைக் கேட்டார். நீங்கள் மறுப்புச் சொல்லாமல் சாமானைக் கட்டினீர்கள். அரைச்சுவருக்கு மேல் தார்ப்பாய்ப் படங்கு இழுத்துக் கட்டிக் குடிபோனீர்கள். ஒருநாள் பார்க்க வந்தபோது, பூசாத அந்தச் சுவரில் வரிசையாக மூன்று ஆணி அடித்திருந்ததைக் கண்டேன். ஒன்றில் மாதா படம். மற்ற இரண்டும் வெறுமை. எதற்கு என்று கேட்டேன். பெடியள் வந்தால் உடுப்பு மாட்ட என்றார் திரேசம்மா.

அந்த மாரியில் தரவையில் முழங்காலுக்கு மேல் வெள்ளம். நீங்கள் திரேசம்மாவைக் கோயில் விறாந்தையில் கொண்டுபோய் விட்டுவிட்டு, சாமான் போய்விடும் என்று படங்குக்குக் கீழே போய் நின்றிருக்கிறீர்கள். காய்ச்சல் வந்தது. ஊரடங்கு, சோதனைச்சாவடி, வாகனமில்லை. நாலாம் நாள் காலையில் செய்தி வந்தது.

செத்தவீட்டுக்கு ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தோம். நல்லதம்பியரும் வந்தார். நன்றாக அழுதார். பொய்யாக அழவில்லை, அதுதான் எனக்கு இன்னும் விளங்காத விசயம். திரேசம்மா என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

“இவர் உங்களில ஒரு குறையும் சொல்லேல்லை, மாஸ்ரர். சாகுமட்டும் சொல்லேல்லை. அதுதான் எனக்குக் கோவம்.”

அவர் இப்போது மன்னாரில் தங்கையோடு இருக்கிறார். மகன்மார் வரவில்லை. இனி வரவும் காரணம் இல்லை.

கிணறு போன வருடம் மாறியது. முதலில் பருப்பு அவியவில்லை என்று பெண்கள் சொன்னார்கள். பிறகு சவர்க்காரம் நுரைக்கவில்லை. பிறகு வாயில் தெரிந்தது. முப்பது குடும்பமும் வராத கிணறு, அண்ணை. சுற்றிவர ஒன்பது மிசின். நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். போத்தலைக் கொண்டுபோய், இந்த முறை இரண்டு விதமாகவும் இழுத்துக் காட்டினேன். எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள். உண்மைதான் மாஸ்ரர் என்றார்கள். அடுத்த நாள் விடிய மிசின் சத்தம் கேட்டது. புகையிலைக்குக் கொஞ்சம் சவர் நல்லது என்று நல்லதம்பியர் எனக்கே பாடம் சொன்னார்.

சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். வன்னி முகாம்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இருத்தப்போகிறார்களாம். கிணற்றுக்குக் கிழக்கே அதே பனங்காணியில் மீண்டும் வீட்டுத்திட்டம். இந்த முறை நாற்பது. போன மாதம் நல்லதம்பியர் மீண்டும் வந்து கதிரையில் இருந்தார். நான் எழுதமாட்டேன் என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

“பரவாயில்லை மாஸ்ரர். பழசு கிடக்குத்தானே.”

என் நாலு பக்கமும் பத்திரமாக இருந்திருக்கிறது. எவரோ கணினியில் அடித்து, முப்பதை நாற்பது ஆக்கி, தேதியை மாற்றியிருக்கிறார்கள். மற்றெல்லாம் என் வசனங்கள். நாலு தரம் திருத்திய அந்த வசனமும் அப்படியே இருக்கிறது.

நான் பிரதேச செயலகத்துக்குப் போனேன். நான் எழுதியது பாதி உண்மை, மறைத்த பாதி இதுதான் என்று புதிதாக ஒரு கடிதம் எழுதிக் கொண்டுபோனேன். இப்போது இருப்பவர் வேறு அதிகாரி, வயது குறைந்தவர், மரியாதையானவர். பழைய கோவையில் கிடந்த என் முதல் மனுவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார்.

“ஐயா, ஆறு வருசத்துக்கு முந்தியே கிணறு சவராகும் எண்டு எழுதியிருக்கிறியள். இப்ப சவராயிட்டுது. நீங்கள் சொன்னது சரியாத்தானே வந்திருக்கு. இப்ப ஏன் மாத்திச் சொல்லுறியள்?”

மிசின், மிசின் என்றேன். வெளியே வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அவர் என் கடிதத்தையும் கோவையில் வைத்தார். எங்கள் ஊரின் மிசின்கள் நான் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டன. இனி அதை எவராலும் பொய் என்று நிரூபிக்க ஏலாது. என்னாலும் ஏலாது.

இந்த மடலை நீங்கள் வாசிக்கப் போவதில்லை. அன்று செயலகத்தை விட்டு வருமுன், உங்கள் காலத்துப் பழைய பட்டியலைக் கேட்டேன். அந்த இளம் அதிகாரி தேடி எடுத்துத் தந்தார். விறாந்தை வாங்கில் உட்கார்ந்து, முப்பது பெயரையும் என் கையால் பிரதி எடுத்தேன். ஒன்பது பேர் இப்போது உயிரோடு இல்லை. நாலு குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. மூன்று குடும்பம் வன்னிக்குப் போனது, அதன்பிறகு செய்தி கிடையாது. மற்றவர்களை ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டிருக்கிறேன். தேடிக் கண்டால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது. சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி வைக்கிறேன்.

உங்களுக்குப் பதிலாக இதை வாசிக்கும் ஒருவருக்கு ஒன்று சொல்லவேண்டும். உங்கள் ஊருக்குப் புதிதாக வரப்போகும் வீடுகளை நிறுத்த ஒருவர் நாளைக்கு உங்களிடம் கையெழுத்துக் கேட்டு வரலாம். அவரைக் கதிரையில் இருத்துங்கள். வரப்போகிறவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பேனையைத் தொடுமுன், முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை, அவருக்கும் கேட்கும்படி சத்தமாக வாசியுங்கள்.